லோ வோல்டேஜ் அப்பா

எங்கள் வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் அப்பாவிடம் ஒரே காரணம்தான்: "லோ வோல்டேஜ்." ஹால் ஃபேன் ஆடி அசைந்து சுற்றினால் லோ வோல்டேஜ். மிக்ஸியில் தேங்காய் திப்பியாக நின்றாலும் அதேதான். ஒருநாள் காஸ் அடுப்பு மங்கலாக எரிந்ததற்கும் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அளந்தே பார்த்துவிடுவோம் என்று பரணில் கிடந்த ஆர்டுயினோவை, அதாவது புரோகிராம் எழுதி ஓட்டுகிற குட்டி எலக்ட்ரானிக் போர்டை, எடுத்தேன். அது தாங்குவது 5 வோல்ட். பிளக்கில் வருவது 230, அதுவும் அலையின் உச்சியில் 325. ரெண்டு ரெசிஸ்டரைப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம் என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கும்போது, மோட்டார் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பின் பிளக்கா தம்பி? மாத்திச் செருகினா உன் போர்டு கிரவுண்டுல ஃபேஸ் நிக்கும். அங்கேருந்து யூஎஸ்பி வயரு, லேப்டாப்பு, உன் கை..." காற்றில் கோடு இழுத்துக்கொண்டே வந்து விரலை என் நெஞ்சில் நிறுத்தினார். அயர்னை அணைத்துவிட்டேன்.

அப்புறம்தான் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இசட்எம்பிடி101பி போர்டை வாங்கினேன். மெயின்ஸுக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவில் காந்தம்தான் பேசிக்கொள்ளும், கம்பி தொடாது. ஃபியூஸ் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, அளவைக் கூட்டிக் குறைக்க அதிலிருக்கும் நீலத் திருகுக்கு மட்டும் ஓட்டை விட்டேன். முதலில் லேப்டாப் திரையில் அலையின் தலை மொட்டையாக வந்தது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் திருப்ப, உருண்டை வந்தது. ஒவ்வொரு அளவையும் இருமடி எடுத்து, சராசரி போட்டு, வர்க்கமூலம் கண்டு, மல்டிமீட்டரோடு ஒத்துப்போக வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

அன்று சாயங்காலமே கரண்ட் கட். லேப்டாப் பேட்டரியில் ஓடிய மீட்டர் 4 என்று காட்டியது. வெறும் இரைச்சல்தான். அம்மா கேட்டாள்: "இது என்னடா, மிச்சம் பிடிச்சு வச்சதா?"

கரண்ட் வந்ததும் 228. ஃபேன் மட்டும் பழைய நடைதான். அம்மா மீட்டரைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். மறுநாள் ஃபேனில் 2.5 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் ஒன்றை மாற்றியதும் சுவர்க் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மா பேசாமல் மிக்ஸியைத் தூக்கிவந்து அப்பா முன்னால் வைத்தாள்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்த மீட்டருக்கே லோ வோல்டேஜ் போல."