சாங்ஜியாஜியே போகும் வேலூர்க்காரர்களுக்கு: டிக்கெட் போடும் முன்

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் இருக்கிறது சாங்ஜியாஜியே. மேகத்துக்கு நடுவே தூண் தூணாக நிற்கும் மலை, பள்ளத்தாக்கின் மேல் கண்ணாடிப் பாலம், உச்சியில் பெரிய ஓட்டையோடு ஒரு மலை. ரீல்ஸில் பார்த்துவிட்டு மூன்றும் ஒரே பார்க்கில் இருப்பதாக நினைத்துத்தான் பலர் "ரெண்டு நாள் போதும்" என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு இடங்கள். மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட்.

தூண் மலைகள் இருப்பது வூலிங்யுவான் பகுதியில். சீனாவின் முதல் தேசிய வனப்பூங்காவாக 1982ல் அறிவிக்கப்பட்ட இடமும் அதற்குள்தான் வருகிறது. 1992ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 3,000க்கும் அதிகமான மணற்கல் தூண்கள் அங்கே நிற்கின்றன. ஓட்டை மலையான தியன்மென், தெற்கே சாங்ஜியாஜியே நகரத்தை ஒட்டி இருக்கிறது. 2016ல் திறந்த 430 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருப்பது மூன்றாவதாக ஒரு பள்ளத்தாக்கில். பூங்காவுக்கு இரண்டு முழு நாள், தியன்மெனுக்கு ஒரு நாள், மூடுபனிக்கென்று ஒரு நாள் உபரி வையுங்கள். கண்ணாடிப் பாலத்தை விட்டாலும் ஒன்றும் குறையாது என்பது என் கருத்து.

அந்த உபரி நாளை வெட்டாதீர்கள். ஏப்ரலில் இருந்து ஜூலை வரை அங்கே நல்ல மழை. மழை விட்ட மறுநாள் காலையில் தூண்களுக்கு நடுவே மேகம் ஓடும், அதைப் பார்க்கத்தான் போகிறோம். அதே மேகம் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் எதிரே வெள்ளைத் திரைதான், பத்தடி தள்ளி எதுவும் தெரியாது.

நம் பள்ளி விடுமுறைக்கும் அவர்கள் கூட்டத்துக்கும் ஒரு மோதல் உண்டு. காலாண்டு லீவு, ஆயுத பூஜை லீவு என்று அக்டோபர் முதல் வாரத்தில் போனால், சீனாவின் தேசிய தின விடுமுறைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மே முதல் வாரமும் அப்படித்தான். அக்டோபர் பாதிக்கு மேல், தீபாவளியை ஒட்டிய வாரம் சரியாக அமையும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி உறைந்து படிகள் வழுக்கும்.

அடுத்தது பாஸ்போர்ட். நம்மூரில் பாதிப் பேருக்கு இன்ஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். விமான டிக்கெட், விசா படிவம், ரயில் டிக்கெட், பூங்கா டிக்கெட், பணம் கட்டும் ஆப் எல்லாமே பெயரை இரண்டு கட்டமாகக் கேட்கும். சீனாவில் ரயிலும் பூங்காவும் பாஸ்போர்ட் எண்ணோடும் பெயரோடும் சேர்ந்தே பதிவாகின்றன. ஒரு இடத்தில் "குமார்", இன்னொரு இடத்தில் "குமார் குமார்", மற்றொன்றில் "எஸ் குமார்" என்று இருந்தால் கவுன்ட்டரில் ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்து. பயணத்துக்கு ஐந்தாறு மாதம் இருந்தால், அப்பா பெயரை சர்நேமாகப் பிரித்து பாஸ்போர்ட்டை மறுவழங்கல் செய்துகொள்வது நிம்மதி. நேரமில்லையா? விசாவில் எப்படி அச்சாகி வருகிறதோ, அதே எழுத்து, அதே வரிசையில் மற்ற எல்லாவற்றையும் போடுங்கள். அதனால் விசா கைக்கு வரும் முன் ரயில், பூங்கா டிக்கெட் எடுக்க வேண்டாம்.

சீனாவின் 240 மணி நேர விசா இல்லா டிரான்சிட் சலுகை இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. எல் வகை சுற்றுலா விசாதான் எடுக்க வேண்டும். புகைப்படம் 33க்கு 48 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. ஸ்டுடியோவில் அளவைச் சொல்லாவிட்டால் வழக்கமான பாஸ்போர்ட் சைஸில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஹாங்காங் வழியாகப் போய் நடுவில் அங்கே சுற்றிவிட்டு மறுபடி சீனாவுக்குள் நுழைவதாக இருந்தால் இரட்டை நுழைவு விசா கேளுங்கள். ஹாங்காங்கில் விமான நிலையத்தை விட்டு வெளியே வர இந்தியர்கள் ஆன்லைன் முன்பதிவும் செய்திருக்க வேண்டும்.

வழி: சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் இவற்றில் ஒன்றில் மாறி, ஹுனானின் தலைநகரான சாங்ஷா. அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சாங்ஜியாஜியே மேற்கு நிலையம். விமானம் நள்ளிரவில் என்றால் காட்பாடியில் மாலை ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, அங்கேயே மெட்ரோ பிடித்தால் நேராக விமான நிலையம். பூந்தமல்லி நெரிசலில் டாக்ஸிக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கும் வேலை இல்லை. சீன ரயிலுக்கு பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கி கேட் நம் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போங்கள்.

தங்குவது வூலிங்யுவான் ஊரில் இருக்கட்டும். மேற்கு நிலையத்திலிருந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். நகரத்தில் அறை போட்டால் தினமும் போக வர அவ்வளவு நேரம் வீண். தியன்மென் போகும் முந்தின இரவு மட்டும் நகரத்துக்கு மாறுங்கள். அறை போடும் முன் வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். போலீஸ் பதிவு செய்யத் தெரியாத சின்ன விடுதிகள் வாசலிலேயே கையை விரித்துவிடும்.

போன் விஷயத்தை ஊரிலேயே முடித்தாக வேண்டும். கூகுள், வாட்ஸப், யூடியூப் அங்கே ஓடாது; இந்திய சிம் ரோமிங்கில் இருந்தால் ஓடும். வங்கி ஓடிபி வர எப்படியும் ரோமிங் வேண்டும். செய்தி அனுப்பவும் பணம் கட்டவும் சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் (WeChat) ஆப் 2020 ஜூனிலிருந்து இந்தியாவில் தடையில் இருப்பதால், பணம் கட்ட அலிபே (Alipay) ஆப்தான் கை கொடுக்கும். விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து ஆப்பில் சேர்த்துவிட்டு, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். ஒரு பில் 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் பெரிய ஹோட்டல் பில்லைக் கார்டில் நேராகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். ஆயிரம் யுவானாவது ரொக்கமும் இருக்கட்டும். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி பூங்காவுக்குள். ஒரே டிக்கெட்டில் பல நாள் போய் வரலாம், உள்ளே ஓடும் பஸ்ஸும் அதில் அடக்கம். பாய்லாங் லிஃப்ட்டும் கேபிள் கார்களும் தனிக் காசு. 326 மீட்டர் உயர லிஃப்ட் உங்களை இரண்டு நிமிஷத்துக்குள் மேலே விட்டுவிடும், ஆனால் அதற்கு நிற்கும் வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். டூர் குழுக்கள் காலையில் லிஃப்ட்டில்தான் ஏறுவார்கள். நீங்கள் திருப்பிப் போடுங்கள்: கேட் திறந்ததும் உள்ளே போய், பஸ்ஸில் தியன்சி மலைக் கேபிள் காருக்கு, மேலே பார்த்துவிட்டு பஸ்ஸில் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் யுவான்ஜியாஜியே பகுதிக்கு, கடைசியில் லிஃப்ட்டில் இறக்கம். 2010ல் "அவதார்" என்ற ஹாலிவுட் படத்தின் பெயரைச் சூட்டிய ஒற்றைத் தூண் யுவான்ஜியாஜியேவில்தான். மாலை 4 மணிக்குள் இறங்கும் வரிசைக்கு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு மலையிலுள்ள அத்தனை பேரும் அங்கே வருவார்கள்.

இரண்டாம் நாள் தெற்கு வாசல் வழியாக ஜின்பியன் ஓடை. சமதளப் பாதை, இரண்டரை மணி நேர நடை, தூண்களைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கலாம். வயதானவர்களுக்கு இந்த ஒரு நாளே போதும். குரங்குகள் மட்டும் ஜாக்கிரதை: கையில் தொங்கும் பாலிதீன் பை என்றால் தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். ஓடையிலிருந்து லுவான்ச்சுவான்போ படிகளில் ஏறியும் யுவான்ஜியாஜியே போகலாம், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

உயரத்தால் மூச்சு வாங்குமோ என்ற பயம் வேண்டாம். தியன்சி உச்சி 1,262 மீட்டர், நம் ஏலகிரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சோதிப்பது படிகள். லிஃப்ட், கேபிள் கார் எல்லாம் எடுத்தாலும் ஒவ்வொரு காட்சி முனைக்கும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை சோளிங்கர் பெரிய மலைக்கு ரோப் காரை விட்டுவிட்டு 1,305 படியும் நடந்தே ஏறி இறங்குங்கள். இறங்கும்போது முட்டி வலித்தால் அங்கேயும் வலிக்கும். அப்படிப்பட்டவர்கள் இறக்கத்தைக் கேபிள் காருக்கு விட்டுவிடுவது நல்லது. தியன்மென் குகை வாசலுக்கும் 999 படி, பக்கத்திலேயே எஸ்கலேட்டரும் உண்டு. அங்கே டிக்கெட் நேரக் கணக்கில் விற்பார்கள். நகரத்திலிருந்தே கேபிள் காரில் ஏறும் வழிக்கான டிக்கெட் முதலில் தீர்ந்துவிடும்.

சைவக்காரர்களுக்கு ஹுனான் சாப்பாடு கஷ்டம். காரம் நமக்குப் பழகியதுதான், ஆனால் காய்கறியையே பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், டோஃபுவில் கொத்துக்கறி கிடக்கும். "இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்" என்று சீனத்தில் எழுதிய படத்தை போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். பருப்புப் பொடி, புளியோதரைப் பொடி, வெந்நீர் ஊற்றினால் ஆகும் உப்புமா பாக்கெட் எடுத்துப் போகலாம். ரயிலில்கூட வெந்நீர் குழாய் உண்டு. பழம், பால் பொருள், முட்டை, இறைச்சி கொண்டுபோனால் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு போங்கள்.

பவர் பேங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 28 முதல் 3சி என்ற சீனத் தர முத்திரை இல்லாத பவர் பேங்கை அங்கே உள்நாட்டு விமானத்தில் ஏற்ற விடுவதில்லை. நம்மூரில் வாங்கியதில் பெரும்பாலும் அது இருக்காது. சாங்ஷாவிலிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிட்டு, அங்கே போய் முத்திரை உள்ளதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.