தியூப், தியூப்! அப்பாவின் மூச்சுப் பரிசோதனை

அப்பாவுக்கு ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை எடுக்கவேண்டும் என்று பலதுறை மருந்தகத்தில் எழுதிக் கொடுத்ததும், "ரத்தம் எடுப்பாங்களா?" என்றார். வெறுமனே ஊதினால் போதும் என்றேன். முகம் தெளிந்தது. சிங்கப்பூரின் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டிங், கூடவே சிகரெட். இரண்டையும் விட்டு வருடங்களாகிவிட்டன. ஆனாலும் மேம்பாலம் ஏறினால் இன்னும் இளைக்கிறது.

பரிசோதனைக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, இறுக்கமான உடை வேண்டாம். வென்டோலின் போன்ற, மூச்சுக்குழாயை விரிக்கும் பஃப்களை (இன்ஹேலர்களை) சில மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதனால் கேட்டே நிறுத்துங்கள். இடையில் திணறினால் பஃப் அடித்துக்கொண்டு, போனதும் சொல்லிவிடலாம். தேதி மாறும், அவ்வளவுதான்.

பெயர், அடையாள அட்டை எண், மருந்து ஒவ்வாமை என்று ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்விகள். அப்பா சலித்துக்கொண்டார். அறைக்குள் போனால் வேறு பட்டியல்: அண்மையில் மாரடைப்பு? இருமும்போது ரத்தம்? அறுவை சிகிச்சை? "ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. அம்மா விடவில்லை. "போன வாரம்தானே கண்புரை எடுத்தோம்?"

அன்றைக்குப் பரிசோதனை நடக்கவில்லை. பலம்கொண்டு ஊதும்போது கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறுமாம். புதிதாக அறுவை செய்த கண்ணுக்கு அது ஆகாது. வயிறு, நெஞ்சு அறுவைக்குப் பிறகும் பொறுத்துத்தான் செய்வார்களாம். "நெஞ்சுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அப்பா வீடு வரும்வரை முனகினார். எனக்கென்னவோ, அந்தச் சலிப்பூட்டும் கேள்விகள்தான் பரிசோதனையின் பாதி என்று பட்டது.

மறுமுறை மலாய்க்காரப் பெண் ஒருவர் செய்தார். கைப்பிடி உள்ள நாற்காலி, ஏனென்றால் ஊதும்போது தலை சுற்றலாம். மூக்கில் கிளிப், உதட்டில் காற்று கசியாமல் குழாய். நெஞ்சு நிரம்ப இழுத்ததும், "தியூப், தியூப், தியூப்! லாகி, லாகி!" என்று அறை அதிரக் கத்தினார். மலாயில் "ஊதுங்க, ஊதுங்க! இன்னும், இன்னும்!" என்று அர்த்தம். அப்பாவின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. காற்று தீர்ந்த பிறகும் அந்தப் பெண் விடவில்லை. முதல் முறை அப்பா நடுவில் இருமினார், அது கணக்கில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஊதல்கள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப ஊதவேண்டும். பிறகு பஃப் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் முதலிலிருந்து.

மூச்சு முழுவதையும் வெளியேற்றும் அளவில் முதல் நொடியிலேயே எவ்வளவு வருகிறது என்பதுதான் முக்கியம். பஃப் எடுத்த பிறகும் அது 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்ததால், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் மருத்துவர்.

இளைப்புக்கான மூச்சுப் பயிற்சி எளிது. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணி மெல்ல விடுவது. படி ஏறும்போது மூச்சை அடக்கக்கூடாது. தலை சுற்றினால் நிறுத்தவேண்டும். ஸ்டீராய்டு பஃபுக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம்.

பக்கத்து வீட்டு மாமா, தம் இதய அறுவைக்குப் பிறகு வைத்திருந்த மூன்று பந்துக் கருவியை அப்பாவுக்குக் கொடுத்திருந்தார். பிசியோவிடம் (இயன்முறை சிகிச்சையாளரிடம்) காட்டினேன். அது அறுவைக்குப் பின் ஆழ்ந்து இழுக்கப் பழக்குவது, அப்பாவுக்கோ உள்ளே போன காற்று வெளியே வருவதில்தான் சிரமம், அதோடு ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வைக்கக்கூடாது என்றார். மாமாவிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று.