மாட்பேக்கரும் இரண்டு ஒன்ஸ் வெண்ணெயும்

நெதர்லாந்தின் உத்ரெக்டில் ஒரு கேக் கடைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரியவர் நாளுக்கு இருபது தடவையாவது "மாட்பேக்கர்" என்று கையை நீட்டுவார். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையை எடுத்துக் கொடுப்பேன், அதில் 500 மில்லி கோடு மட்டும் விரல் பட்டுப் பட்டு அழிந்துபோயிருக்கும். கேக் கடை என்பதால் பேக்கர் என்றால் ரொட்டி சுடுகிறவர் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். இல்லை. ஒல்லாந்தரின் டச்சு மொழியில் பேக்கர் என்றால் குவளை, நடுக்கால லத்தீனின் பிகாரியும் என்ற சொல்லிலிருந்து வந்தது, பள்ளி ஆய்வுகூடத்தில் நாம் பிடித்த பீக்கரும் அதே குடும்பம்தான். மாட் என்றால் அளவு.

ஆனால் என்னை உண்மையில் மாட்டிவிட்ட சொல் ஒன்ஸ். ஒருநாள் வெண்ணெய்க் கேக்குக்கு இரண்டு ஒன்ஸ் வெண்ணெய் நிறுக்கச் சொன்னார். அவுன்ஸ் என்றால் 28 கிராம் என்று ஊரில் படித்தது மனதில் இருந்ததால் 56 கிராம் நிறுத்துப் போட்டேன், எவ்வளவு பிசைந்தும் மா ஒட்டவே இல்லை, கடற்கரை மணல் மாதிரி உதிர்ந்துகொண்டே இருந்தது. பெரியவர் தராசைத் தன் பக்கம் இழுத்து, இன்னும் வெண்ணெய் வைத்து, முள் 200-ஐத் தொட்டதும் என்னைப் பார்த்தார். ஒரு ஒன்ஸ் என்றால் 100 கிராம்!

அப்புறம்தான் காரணத்தைத் தேடிப் படித்தேன். 1820-இல் நெதர்லாந்து மெட்ரிக் முறைக்கு மாறியபோது சனங்கள் மிரளக்கூடாதென்று பழைய பெயர்களையே புது அளவுகளுக்குச் சூட்டினார்கள். லீட்டருக்குக் கன், அதில் பத்திலொன்றுக்கு மாட்யே, கிலோவுக்குப் பொன்ட், 100 கிராமுக்கு ஒன்ஸ். பிற்பாடு சட்டம் அந்தப் பெயர்களைக் கைவிட்டாலும் சந்தை கைவிடவில்லை, இன்றைக்கும் சீஸ் கடையில் ஒன்ஸ் கணக்கில்தான் கேட்கிறார்கள், பொன்ட் மட்டும் இப்போது ஒரு கிலோ அல்ல, அரைக் கிலோ. சட்டத்தை விடச் சமையலறைக்கு ஞாபகசக்தி அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அளவுக் கரண்டி எங்கே என்று கேட்டேன், "லாட்யே" என்றார், என் கை தானாக மேசையின் இழுப்பறைக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மா அதை லாச்சி என்பார், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். உள்ளே பழைய சமையல் குறிப்பேடு ஒன்றும் கிடந்தது. விரித்த பக்கத்தில் "ஒரு மாட்யே பால்" என்று இருந்தது. மாட்பேக்கரை எடுத்து 100 மில்லி கோடு வரை ஊற்றினேன்.