கணக்கெடுத்த பிறகு வந்த சந்தோஷம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் நான்கு பேரும் அடுப்படியில் ஒடுங்கிக் கிடந்தோம். வீட்டில் தளம் போட்டிருந்தது அந்த ஓர் அறைக்கு மட்டும்தான். ஓடுகள் பறந்துபோய் உடைகிற சத்தத்துக்கு நடுவே, தொம் தொம் என்று தோப்புப் பக்கம் இன்னொரு சத்தம். என் மாமியார் இருட்டில் அதை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பேராவூரணிக்குப் பக்கம் எங்கள் ஊர். கல்லணைக் கால்வாயின் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஆற்றுத் தண்ணீரை நம்பி நெல் போட்டுக் கைசுட்டுக்கொண்ட பிறகு மாமனார் வைத்த தோப்பு அது. மூன்று ஏக்கர், 208 தென்னை மரங்கள், எல்லாம் நெட்டை ரகம். விடிந்து பார்த்தால் 19 நின்றன. அவற்றிலும் பாதிக்குக் குருத்து திருகிக் கிடந்தது.

முதல் வாரத்திலேயே ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் மூன்று பேர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." ஒருவர், அழுவது அவிசுவாசம் என்றார். "ஸ்தோத்திரம் சொல்லம்மா, இரட்டிப்பாய்த் திரும்ப வரும்" என்றார் இன்னொருவர். நல்ல மனதோடுதான் வந்தார்கள். எனக்கோ அந்த வசனத்தின் மேலேயே கசப்பு வந்துவிட்டது. அதை அப்போஸ்தலர் பவுல் சிறைக்காவலில் இருந்துகொண்டு எழுதினார் என்பது ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். அந்த நாட்களில் அதுகூட எனக்கு உதவவில்லை.

மின்சாரம் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தெருவே குடிதண்ணீர் பிடித்தது. அதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டோம். என் கணவர் பேச்சை நிறுத்தியதைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. காலையில் போய் விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்காருவார், பொழுது சாயும்போது எழுந்து வருவார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும்.

பிறகு கணக்கெடுக்க வந்தார்கள். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. சிப்பந்தி ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு முன்னால் போய், எண்ணியதை மறுபடி எண்ணிவிடாதபடி ஒவ்வொரு மரத்திலும் ஒரு கோடு போட்டார். என் கணவரும் கூடவே நடந்தார். 31-ஆவது மரத்தருகில் நின்று, "இது என் தங்கை பிறந்த வருஷம் வைத்தது" என்றார். சிப்பந்தி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். புயலுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அந்த மனிதர் அப்படி நின்றதுதான். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவரும் அல்லர்.

அன்று இரவு ஜெபத்துக்கு வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள் மாமியார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்தேன். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை... எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். பகல் முழுக்கச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்த கண்ணுக்கு அன்றைக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. தீர்க்கதரிசியும் கணக்கெடுக்கிறார்! மரம், கொடி, வயல், கிடை, தொழுவம் என்று ஒன்றைக்கூட விடாமல் தேவனுக்கு முன்பாகச் சொல்லி முடிக்கிறார். அதற்குப் பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் கணக்கைத் தாண்டி நேரே கடைசி வரிக்குப் போயிருந்தார்கள்.

பையனின் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். எங்கள் கணக்கை எழுத ஆரம்பித்தோம். தென்னை 189. மாட்டுக் கொட்டகை. நகைக் கடன். மாமனார் கையால் வைத்த பலா. ஒவ்வொரு நாள் ஜெபத்திலும் ஆபகூக் சொன்ன மாதிரியே, "தென்னை சாய்ந்துபோனாலும், கொட்டகை இல்லாமற்போனாலும்" என்று எங்கள் இழப்புகளை வாய்விட்டுச் சொன்னோம். "மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற வரியைச் சொல்ல வராத இரவுகளில் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டோம். இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: வராததை வந்ததாகச் சொல்லவில்லை. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் இல்லாமலேயே முடிகிறது. அதுவும் வேதாகமத்தில்தான் இருக்கிறது. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசுவும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அதை யார் அவிசுவாசம் என்பார்கள்?

கிறிஸ்துமஸ் வந்தபோது புயல் கழிந்து முப்பத்தொன்பது நாள். வீடு வீடாய்ப் பாடிவரும் கீதப்பவனி இந்த வருஷம் வராது என்றுதான் நினைத்தேன். பாதையில் மரங்கள் குறுக்கே கிடக்க, அறுத்த இடுக்குகளில் நுழைந்தும் ஏறிக் குதித்தும் பிள்ளைகள் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை ஆரம்பித்தார்கள். எங்கள் சபையில் இருபது வருஷமாகத் தபலா வாசிப்பவர் என் கணவர். அன்று ஒரு சின்னப் பையன் டோலக்கை வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தான். இவர் திண்ணையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சரணத்தில், "தம்பி, தாளம் தள்ளிப் போகிறது" என்றார். எழுந்துபோய் டோலக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாசித்தார், கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, வாசித்துக்கொண்டே இருந்தார். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். பாடும்போது அவர்கள் முதுகில் பட்ட அடியின் காயம் கழுவப்படாமலே இருந்தது. சிறைக்காரன் அதைக் கழுவியது பாட்டெல்லாம் முடிந்து, பூமி அதிர்ந்து, கதவுகள் திறந்த பிறகு.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஜனவரியில் அவருக்கு மறுபடி சாப்பாடும் தூக்கமும் நின்றுபோனது. தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினேன். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். எங்கள் ஆயர் மட்டும் மாதாமாதம் பஸ் ஏறி அவரோடு மருத்துவமனைக்கு வந்தார், வரிசையில் டோக்கன் வாங்கிக் கொடுத்தார். இதே நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஜெபத்தையும் விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

விழுந்த மரங்களைச் சூளைக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு ஏற்றிப்போனார்கள். கிடந்து மக்கினால் காண்டாமிருக வண்டு பெருகி மிச்ச மரத்தையும் தின்றுவிடும், எனவே பேரம் பேச முடியவில்லை. 2019 ஆடியில் மூன்றடிக் குழி எடுத்து, இருபத்தைந்தடி இடைவெளியில் புதுக்கன்று வைத்தோம். நெட்டை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை நடுவில் உளுந்தும் வாழையும்தான்.

ஒரு மாலை உளுந்துச் செடிக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் தோப்புக்குள் பகலிலும் நிழல்தான். இப்போது மேற்கு வானம் முழுசாகத் தெரிந்தது. எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு நிறைந்துபோனது. கடன் அப்படியே இருந்தது, கன்று முழங்கால் உயரம்கூட இல்லை. கையில் களைக்கொட்டோடு, அதுவரை சொல்ல வராத அந்தக் கடைசி வரியைச் சத்தமாகச் சொன்னேன். மாமியார் அடுத்த பாத்தியிலிருந்து "ஆமென்" என்றார்கள்.

அந்த நோட்டு இன்னும் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. போன மாதம் என் சித்தி மகளின் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். பட்டுக்கோட்டைக்குப் பார்க்கப் போனேன். வசனம் எதுவும் சொல்லவில்லை. வழியில் வாங்கிய நோட்டையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்து, "எல்லாவற்றையும் எழுது, நான் கூட இருக்கிறேன்" என்றேன். வெகுநேரம் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, முதல் வரியாக மருந்துக்கடை பாக்கியை எழுதினாள்.