மாஸ்டடான் லிங்க் வேறு சர்வரிலும் ஒழுங்காகத் திறக்க நாங்கள் செய்தவை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று சுற்றி, பழைய வீடுகளைப் படமெடுத்துச் சேர்க்கிற சிறு குழு எங்களுடையது. ஏதோ ஒரு கம்பெனி கடையை மூடினால் எல்லாப் படமும் போய்விடக் கூடாது என்று, சொந்தமாக ஒரு மாஸ்டடான் சர்வர் நிறுவினோம். மாஸ்டடான் என்பது ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளம், ஆனால் ஒரே கம்பெனியிடம் இல்லாமல் தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. அங்கே போட்ட படத்தின் லிங்க், வேறு சர்வரில் இருப்பவர்களிடமும் சரியாகத் திறக்க வேண்டுமே, அதற்குத்தான் நிறைய மெனக்கெட்டோம். இதே வழியில் வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பினாங்கில் இருக்கிற ஆச்சி ஒருவருக்கும் மாஸ்டடான் கணக்கு உண்டு, வேறொரு சர்வரில். கோத்தமங்கலத்தில் ஒரு வீட்டு வளவின் தரையைப் படமெடுத்துப் போட்டிருந்தோம். ஆத்தங்குடிக் கல், ஓரம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம், நடுவில் பச்சையும் செங்காவியுமாகப் பூ, ஒரு மூலையில் மட்டும் பூ மாறி நான்கு கற்கள். லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஆச்சி தட்டியதும் பிரவுசரில் எங்கள் சர்வரின் பக்கம் திறந்தது, படமும் தெரிந்தது. பதில் எழுதப் போனால் கணக்கு வேண்டும் என்றது. "நான்தான் கணக்கு வெச்சிருக்கேனே தம்பி, மறுபடியும் எதுக்குக் கேக்குது?" என்று குரல் பதிவு வந்தது.

நியாயமான கேள்வி. அந்த நான்கு கற்களை எப்போது மாற்றினார்கள், அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் இன்றைக்கு இவரைப் போல வெளியூரில் இருப்பவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் பதில் எழுத வழியில்லை என்றால் எங்களிடம் வெறும் படம்தான் மிஞ்சும்.

காரணத்தைக் குழுவில் எல்லோருக்கும் புரியவைக்க ஒரு விஷயம் கைகொடுத்தது. நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் புது ஆளைப் பார்த்தால் பெயரோடு நிறுத்த மாட்டார்கள், எந்தக் கோயில் என்றும் கேட்பார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது குலக் கோயில்களில் ஒன்றைச் சொன்ன பிறகுதான் ஆள் பிடிபடும். மாஸ்டடான் முகவரியிலும் முதலில் பெயர், அடுத்து சர்வர். ஆச்சியின் கணக்கு அவருடைய சர்வரில் பதிவாகியிருக்கிறது. அங்கேதான் அவரை அடையாளம் தெரியும். சர்வர்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை உண்டு. இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு அதை 2018 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. பிரவுசருக்கு இதெல்லாம் தெரியாது. லிங்கில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் பக்கத்தைச் சரி செய்தோம். முகவரி சின்னதாக இருக்க வேண்டும் என்று முதன்மை டொமைனையே (தளத்தின் இணையப் பெயர்) முகவரியில் வைத்து, சர்வரைத் துணை டொமைனில் ஓட்டுகிறோம். மற்ற சர்வர்கள் ஒருவரைத் தேடும்போது வெப்ஃபிங்கர் முறையில் முதன்மை டொமைனைத்தான் கேட்கும். அதனால் அங்கே வருகிற வெப்ஃபிங்கர் கேள்விகளைத் துணை டொமைனுக்குத் திருப்பிவிட ஒரு வரி சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் வெளியார் நம்மைத் தேடினால் கிடைக்க மாட்டோம். முகவரியில் வருகிற டொமைனைப் பிறகு மாற்ற முடியாது என்பதால் இதைப் பேசி முடிவெடுக்கவே அதிக நேரம் செலவிட்டோம். அது வீண் போகவில்லை.

அப்புறம் ஆச்சியின் பக்கம். மாஸ்டடான் 4.2, 2023 செப்டம்பரில் வந்தது. அதிலிருந்து, கணக்கில்லாமல் பதில் பொத்தானைத் தட்டினால் "உங்கள் சர்வர் எது?" என்று கேட்கும் பெட்டி வருகிறது. பெயரைக் கொடுத்தால் அந்தச் சர்வருக்கே அழைத்துப்போய், நம் பதிவை அங்கே திறந்து காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆச்சி செயலி வழியாகத்தான் மாஸ்டடான் பார்க்கிறார். போனிலுள்ள பிரவுசரில் தன் சர்வருக்குள்ளேயே அவர் நுழைந்ததில்லை. மறுபடியும் கடவுச்சொல் கேட்கும். எழுபது வயதுக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குப் பொருந்தியது தேடல் பெட்டிதான். லிங்கை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, தன் செயலியின் தேடல் பெட்டியில் ஒட்டினால் போதும். அவருடைய சர்வர் எங்கள் சர்வரிடம் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கி, தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொண்டு காட்டும். அங்கிருந்தே பதில் எழுதலாம், எங்களுக்கு வந்துவிடும். ஒரே ஒரு வீடியோ அழைப்பில் சொல்லிக் கொடுத்தோம். இப்போது அவர் தங்கைக்கு அவரே சொல்லித் தருகிறார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் பிரதிக்கு ஆச்சியின் சர்வர் தன் வரிசைப்படி வேறு எண் கொடுக்கும். பிரவுசரின் முகவரிப் பட்டையில் தெரிகிற, அந்த எண் உள்ள லிங்கை எடுத்து மூன்றாவது ஆளுக்கு அனுப்பினால் அது ஆச்சியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் திரும்பி வர வேண்டும். வீண் சுற்று. பதிவின் மெனுவில் மூலப் பக்கத்தைத் திறக்க வழி இருக்கிறது. அங்கிருந்து எடுத்த லிங்கைத்தான் அனுப்ப வேண்டும் என்று குழுவில் வழக்கமாக்கியிருக்கிறோம். மூலப் பக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு. எல்லாப் பதில்களும் ஒவ்வொரு சர்வருக்கும் போய்ச் சேரும் என்று உறுதியில்லை. முழு உரையாடலையும் பார்க்க மூலப் பக்கமே நம்பகமானது.

தமிழ் ஹேஷ்டேக் லிங்குகள் தனித் தொல்லை. செட்டிநாடு என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது பத்து யூனிகோடு குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட். நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் எண்ணோ ஆங்கில எழுத்தோ இரண்டுமாக மாறி, அந்த ஒரு சொல்லே 90 எழுத்துக்கு நீண்டுவிடும். லிங்க் வேலை செய்யும், ஆனால் பார்க்கிறவர்கள் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடுவதில்லை. ஆகவே ஹேஷ்டேக் லிங்கை அனுப்பாமல் சொல்லை மட்டும் எழுதி, தேடிப் பார்க்கச் சொல்கிறோம்.

தட்டினால் நேராக அவரவர் சர்வரிலேயே திறக்கும்படி, 'வெப் பிளஸ்' என்று தொடங்கும் தனி லிங்க் வகையைக் கொண்டுவரலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆனால் இப்படிப்பட்ட லிங்கைத் திறக்கத் தளங்கள் தங்களைப் பிரவுசரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சஃபாரியில் அதற்கு இடமில்லை. பதிவு செய்யாத போனில் தட்டினால் ஒன்றுமே திறக்காது. எங்கள் ஆட்களில் ஐபோன்காரர்கள் நிறைய. அதனால் இப்போதைக்கு வழக்கமான லிங்கையே அனுப்புகிறோம், கூடவே தேடல் பெட்டியில் ஒட்டச் சொல்லி ஒரு வரியும்.