ஆச்சிக்கு 83, பையனுக்கு 16: ஒரு வீடு முழுக்க ஊசி போட்ட கதை

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஊர். அப்பா, அம்மா, ஆச்சி மூவரும் அம்பாசமுத்திரத்தில், அக்கா குடும்பம் கோவையில், நான் சென்னையில். கொரோனா மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை, ஒரே மாதிரியும் வரவில்லை. ஆனால் தடுப்பூசிக்கு அரசு வைத்த வரிசை வயதை வைத்துத்தான். அந்த வரிசைக்கும் எங்கள் வீட்டுக்கும் எப்படிப் பொருந்தியது, எங்கே பொருந்தவே இல்லை என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் இப்போது யாரிடம் கேட்டாலும் "அப்பல்லாம் ஒரே கஷ்டம்" என்று மட்டும்தான் சொல்கிறார்கள், என்ன கஷ்டம் என்பது மறந்துபோய்விட்டது.

2020 முதல் அலை எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை சென்னையின் அலை. கோயம்பேடு மார்க்கெட்டை மே மாதம் மூடி திருமழிசைக்கு மாற்றினார்கள், ஜூனில் சென்னையோடு காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூரையும் சேர்த்து மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள், என் தெருவில் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். ஊரிலோ அது "மெட்ராஸ் காய்ச்சல்". சென்னையிலிருந்து யாராவது வந்தால் வாசலில் ஸ்டிக்கர், பதினாலு நாள் வெளியே வரக்கூடாது, பால்காரர் செம்பை எட்ட நின்று வாங்குவார். மாவட்டம் தாண்டிப் போக இ-பாஸ் என்ற அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, இந்த மூன்றுக்குத்தான் கிடைக்கும். எனக்கு மூன்றும் இல்லாததால் ஊருக்குப் போகவே இல்லை.

2021 மார்ச் 1 அன்று 60 வயது தாண்டியவர்களுக்கு ஊசி ஆரம்பித்தது. அப்பாவுக்கு 64, சர்க்கரை வேறு. ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார், கூட்டமே இல்லை, கோவிஷீல்டு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்கள். இதே நாட்களில் சென்னையில் என் நண்பர்களின் பெற்றோர் தனியார் ஆஸ்பத்திரியில் 250 ரூபாய் கட்டிவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மருந்து இருந்தும் ஆள் வராத ஊர் ஒன்று, ஆள் வந்தும் காத்திருக்கிற ஊர் ஒன்று.

அம்மாவுக்கு 58. 45-லிருந்து 59-க்குள் இருந்தால் இணைநோய் இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும். அம்மாவுக்குத்தான் பத்து வருடமாக பிரஷர் மாத்திரை ஓடுகிறதே என்று தைரியமாகப் போனால், அந்த இருபது நோய்ப் பட்டியலில் பிரஷர் தனியாக இல்லை. பிரஷரோடு பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரையும் இருக்க வேண்டும், அல்லது இதயக் கோளாறு இருக்க வேண்டும், இப்படி ஜோடி ஜோடியாகத்தான் வரும். டாக்டர் நல்லவர், சிரித்துக்கொண்டே, "ஏப்ரல் ஒண்ணாம் தேதி 45-க்கு மேல எல்லாருக்கும் போடப் போறாங்க, அதுவரைக்கும் வீட்டுல இருங்க" என்று அனுப்பிவிட்டார். அப்படியே ஏப்ரலில் போட்டாகிவிட்டது.

ஆச்சிதான் பெரிய வேலை. வயது 83, இந்த வரிசையில் எங்கள் வீட்டிலேயே முதல் ஆள், ஏனென்றால் இந்த நோயில் வயது ஏற ஏற சாவு பல மடங்கு ஏறுகிறது. சுகாதாரத் துறை அப்போது தினமும் சாயங்காலம் விட்ட அறிக்கையில் இறந்தவர்களின் வயதைத் தனித்தனியாகப் போடுவார்கள், 2020-ல் அதைப் படித்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆச்சியிடம் அறிக்கையைக் காட்டியா பேச முடியும்? "எனக்கு எதுக்குல ஊசி, வாந்திபேதியில தெருவே காலியானப்ப கூட எனக்கு ஒண்ணும் வரல" என்பார். கொஞ்சம் மசிந்து வந்த நேரத்தில்தான் ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் இறந்தார். இரண்டு நாள் முன்னால் ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டவர். மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள், மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னால் அதையே சொன்னது. ஆனால் எங்கள் தெருவில் அந்த வாரத்தோடு பேச்சு முடிந்தது. ஆச்சி மட்டுமில்லை, இரண்டாவது ஊசிக்குத் தேதி குறித்து வைத்திருந்த அப்பாவும் "பார்ப்போம்" என்று இழுத்தார்.

அந்த "பார்ப்போம்" பெரிய தலைவலியாகிவிட்டது. அப்பா கார்டில் முதலில் 28 நாள் என்று எழுதியிருந்தார்கள். மார்ச் கடைசியில் அதை 6 முதல் 8 வாரம் என்றார்கள். அவர் மனம் மாறி மே மாதம் போனபோது மருந்து இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள், நாளைக்குப் போவதற்குள் மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்று மாற்றிவிட்டார்கள், தடுப்பூசிப் பதிவுக்கான அரசு இணையதளமான கோவின் அவர் எண்ணை ஏற்கவே மறுத்தது. இடைவெளி கூடினால் பலன் கூடும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருந்தது உண்மைதான், ஆனால் மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த வாரத்தில் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்பாவுக்கு ஜூனில்தான் இரண்டாவது ஊசி.

இனி கோவை. அக்கா பிறந்தது 1977 மார்ச். 45-க்கு மேல் என்றால் 1977 ஜனவரி 1-க்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்கு. மூன்று மாதத்தில் போயிற்று. அத்தான் ஏப்ரலில் ஒரு ஊசி போட்டுக்கொண்டார், அக்கா காத்திருந்தாள். அப்போது கோவையில் பெரிதாக ஒன்றுமில்லை, சென்னையில்தான் ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை, ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ராத்திரியெல்லாம் கூட்டம். அக்கா எனக்குத்தான் தினமும் போன் செய்து அழுவாள். மே கடைசியில் அப்படியே தலைகீழ். சென்னையில் எண்ணிக்கை இறங்க, தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்தியது. அப்போதைய முதல்வர் ஸ்டாலின் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனது அந்த நாட்களில்தான். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல கடைகளைத் திறக்க விடவில்லை. அக்கா வீட்டில் நான்கு பேருக்கும் காய்ச்சல் வந்தது அந்த நேரத்தில். பிள்ளைகள் இரண்டே நாளில் எழுந்து ஓடினார்கள், ஒரு ஊசி போட்டிருந்த அத்தான் ஒரு வாரத்தில் தேறினார், அக்காதான் ஆக்சிஜன் அளவு 93, 92 என்று இறங்கி எங்களை உலுக்கிவிட்டாள். படுக்கைக்கு அலைந்த கதையை எழுத எனக்கு இன்னும் மனமில்லை. தேறிவிட்டாள், அது போதும்.

தேறிய பிறகாவது உடனே ஊசி போடலாம் என்றால், தொற்றிலிருந்து மீண்டவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் போட வேண்டும் என்று விதி. கடைசியில் செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுக்க 40,000 இடத்தில் நடந்த முதல் மெகா முகாமில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில், பத்தே நிமிடத்தில் போட்டுக்கொண்டாள். அன்று ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். மே மாதம் எங்கே போயிருந்தது இந்த வேகம் என்று நான் கேட்டேன். மே மாதம் மருந்து எங்கே இருந்தது என்று அத்தான் திருப்பிக் கேட்டார். சரிதான்.

என் கதை சின்னது. எனக்கு 33. 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் பதிவு என்று ஏப்ரல் 28 மாலை நாலு மணிக்குத் திறந்தார்கள், ஓ.டி.பி. வரவில்லை, வந்தபோது அதன் நேரம் முடிந்திருந்தது. பதிவு ஆன பிறகு ஸ்லாட் இல்லை. பின்கோடு மாற்றி மாற்றித் தேடுவது, டெலிகிராமில் அறிவிப்பு வந்ததும் தாவுவது, படத்தில் காட்டும் கேப்ட்சா எழுத்துகளை அடிப்பதற்குள் எல்லாம் சிவப்பாகிவிடுவது. இந்த வேகத்தில் விரல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஸ்மார்ட்போன் இல்லாத இளவட்டங்கள் என்ன செய்திருப்பார்கள்? தனியாரில் 780 ரூபாய்க்கு கோவிஷீல்டு, 1,410-க்கு கோவாக்சின் கிடைத்தது. எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜூன் கடைசியில் எங்கள் வார்டு மாநகராட்சிப் பள்ளியில் முகாம் போட்டார்கள். விடியற்காலையில் போய் டோக்கன் வாங்கினேன், ஆதாரைக் காட்டியதும் அங்கேயே பதிவு செய்து போட்டுவிட்டார்கள். கோவினில் இரண்டு மாதம் தேய்த்தது வீண்.

ஆச்சியை மசிய வைத்தது நாங்கள் யாருமில்லை, கிராம சுகாதார நர்சம்மா. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் போலியோ சொட்டு ஊற்றியவர். அங்கன்வாடியில் முகாம் போட்ட அன்று நேராகத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஆச்சி, நீங்க வந்தாத்தான் தெருவுல மத்தவங்க வருவாங்க" என்றார். அவ்வளவுதான், ஆச்சி புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டாவது ஊசிக்கு முன்னாலேயே, போட்டாயிற்று என்று என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. கணக்குக் காட்ட யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டால் ஊசியைப் போட்டுவிட்டார்கள், ஆனால் வேறு போன் எண்ணில் பதிந்ததால் அதுவும் "முதல் தவணை" ஆகிவிட்டது. அதாவது ஆச்சிக்கு இரண்டு பெயரில் இரண்டு முதல் ஊசி, போடாமலே ஒரு இரண்டாவது ஊசி. கோவினில் பிழை சொல்லும் பகுதியில் இரண்டு பதிவுகளை இணைக்க வழி இருந்தது, பெயரும் பிறந்த வருடமும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் இணையும். ஒரு பதிவில் பெயரில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். அதை முதலில் திருத்திவிட்டு அப்புறம் இணைத்தேன்.

இத்தனைக்கும் சுலபமாக முடிந்தது அக்கா பையனுக்கு. 2022 ஜனவரி 3-ல் 15 முதல் 18 வயதுக்குத் திறந்தார்கள், கோவாக்சின் மட்டும், பள்ளியிலேயே போட்டார்கள். வகுப்பு டீச்சரிடம் பட்டியல், ஒவ்வொருவராகப் போய்விட்டு வந்து மதியம் வழக்கம்போல கணக்குப் பாடம். ஆபத்து குறைவான வயதுக்கு ஏற்பாடு இவ்வளவு நன்றாக அமைந்தது. அவன் தங்கைக்கு அப்போது பத்து வயது. 12-க்குக் கீழே கடைசிவரை திறக்கவே இல்லை.

ஏப்ரல் 2022-ல் ஊருக்குப் போனபோது ஆச்சிக்கு மூன்றாவது ஊசிக்கு எப்போது தகுதி வரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாவதிலிருந்து ஒன்பது மாதம் ஆக வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நர்சு மூணாவதையும் போடச் சொன்னாளா, இல்ல நீயா சொல்லுதியா?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப அவ வரட்டும்."