சாட்ஸ்வொர்த் கிச்சனுக்கு 500 ரேண்ட் அனுப்ப ஒரு வருஷம் அலைஞ்ச கதை

எங்க கம்பெனில ஒரு ஸ்கீம் இருக்கு, மாசா மாசம் சம்பளத்துல ஒரு தொகையைப் பிடிச்சு நாம சொல்ற தொண்டு அமைப்புக்கு அனுப்புவாங்க, நாம போடற அளவு கம்பெனியும் போடும். 500 ரேண்ட்னு போட்டு ஓகே அழுத்தினா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஒரு வருஷம் ஆச்சுங்க. இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல இருக்கற நம்மாளுங்க யாராச்சும் இதைப் பண்றதா இருந்தா கொஞ்சமாச்சும் அலைச்சல் குறையட்டும்னு எழுதறேன்.

நான் மதுரைக்காரன், உம்லாங்கா பக்கம் சாஃப்ட்வேர் வேலை. 2022 ஏப்ரல்ல இங்க வெள்ளம் வந்துச்சே, 400 பேருக்கு மேல உயிர் போன வெள்ளம், அப்ப நான் வந்து ரெண்டு மாசம்தான். குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. கூட வேலை பாக்கறவர் சாட்ஸ்வொர்த்துக்குக் கூட்டிட்டுப் போனார், இந்திய வம்சாவளிக்காரங்க நிறைய இருக்கற டர்பன் ஏரியா அது. அங்க கோயிலை ஒட்டின ஷெட்டுல ஏழைங்களுக்கு சாப்பாடு போடற ஒரு கிச்சன், ஒரு ஆன்ட்டி அண்டா நிறைய பீன்ஸ் கறி கிளறிட்டு இருந்தாங்க, பிரெட்டைக் குடைஞ்சு அதுல ஊத்தி கையில கொடுத்தாங்க. தேவாரம் மனப்பாடமா பாடுவாங்க, ஆனா தமிழ்ல பேச வராது. "ஈட் மை பாய்"னு ஒரு அதட்டல். நம்ம 500 இங்கதான்னு அப்பவே முடிவாயிடுச்சு.

அடுத்த வருஷம் கம்பெனி ஸ்கீம் போர்ட்டல்ல தேடினா கிச்சன் பேரே இல்ல. சேர்க்கணும்னா பிபிஓ (பொதுநல அமைப்பு) நம்பர் வேணும், செக்ஷன் 18ஏ லெட்டர் வேணும்னு கேட்டுச்சு. ஆன்ட்டி பெருமையா ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்த என்பிஓ (லாப நோக்கமில்லாத அமைப்பு) சர்டிஃபிகேட்டைக் காட்டினாங்க. இங்கதான் பல பேர் குழம்பறாங்க. என்பிஓ பதிவு சமூக மேம்பாட்டுத் துறை கொடுக்கறது, அதுக்கு ஃபீஸ் கிடையாது. பிபிஓ, 18ஏ ரெண்டும் சார்ஸ், அதாவது வரி ஆஃபீஸ் கொடுக்கறது. 18ஏ இருந்தாத்தான் கொடுக்கறவருக்கு வரி விலக்கு, வரிக்குரிய வருமானத்துல 10% வரைக்கும். சம்பளத்துலயே பிடிச்சா 5% வரைக்கும் மாசா மாசம் வரி கணக்கு போடறப்பவே கழிச்சுக்கலாம், வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

முதல் இடி, என்பிஓ பதிவே ஆட்டம் கண்டிருந்துச்சு. கணக்கு வருஷம் முடிஞ்சு 9 மாசத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும், ரெண்டு வருஷமா அனுப்பல. ஆன்ட்டி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து டைனிங் டேபிள்ல கவுத்தாங்க, பூரா கடை ஸ்லிப், பிரெட்டு, வெங்காயம், கேஸு. பாதிக்கு மேல மங்கி வெள்ளைப் பேப்பர் ஆயிடுச்சு. ஃபோன் டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சு சாய்ச்சுப் பார்த்தா எழுத்தோட நிழல் மாதிரி தெரியும், அப்படியே நான் படிக்க அவங்க பேத்தி எக்செல்ல போட, மூணு சனிக்கிழமை. நடுவுல லோட்ஷெடிங் வேற. தயவுசெஞ்சு ஸ்லிப்பை வாங்கின அன்னிக்கே ஃபோட்டோ எடுத்து வைங்க.

ரெண்டாவது, சார்ஸ் விதிப்படி பொறுப்புல குறைஞ்சது மூணு பேர் இருக்கணும், ஒருத்தருக்கொருத்தர் உறவா இருக்கக் கூடாது. நம்ம கமிட்டி யாருன்னா ஆன்ட்டி, அங்கிள், அங்கிளோட தம்பி! ரிடையர் ஆன டீச்சர் ஒருத்தரையும் மருந்துக்கடைக்காரர் ஒருத்தரையும் கெஞ்சி உள்ள இழுத்தோம், அங்கிளோட தம்பி ரெண்டு வாரம் பேசல.

மூணாவதுதான் நான் எதிர்பார்க்காதது. மதப் பணிக்கு வரிச்சட்டத்துல பிபிஓ உண்டு, ஆனா 18ஏ கிடையாது. ஏழைங்களுக்கு சாப்பாடு போடறதுக்கு உண்டு. கிச்சனுக்கும் கோயிலுக்கும் ஒரே பேங்க் அக்கவுண்ட், ஆடிக் கூழ் செலவும் பிரெட் செலவும் ஒரே பக்கத்துல. அதைப் பிரிச்சு தனி அக்கவுண்ட் திறந்து, சட்டதிட்டத்தைத் திருத்தி, அப்புறம்தான் சார்ஸுக்கு விண்ணப்பிக்கற ஈஐ1 ஃபார்ம். அதுக்கப்புறம் மாசக்கணக்கா காத்திருப்பு.

இதுக்கு நடுவுல மண்டேலா தினம். ஜூலை 18 அன்னிக்கு ஒவ்வொருத்தரும் 67 நிமிஷம் சேவை செய்யணும்னு இங்க வழக்கம், அவர் பொது வாழ்க்கையில இருந்த 67 வருஷத்துக்காக. எங்க ஆஃபீஸ்ல ஒரே மாதிரி டீஷர்ட் போட்டு 20 பேர் பஸ்ல போய் இறங்கினோம். கிச்சன்ல இருந்த கத்தி நாலு. ஆடி பிறந்த மறுநாள் வேற, கோயில்ல கூழ் வேலை ஓடிட்டு இருக்கு. எங்க மேனேஜர் ஒரு உருளைக்கிழங்கைத் தோல் சீவி முடிக்கறப்ப அது எலுமிச்சம்பழம் சைஸுக்கு வந்திருந்தது, மத்தவங்க ஃபோட்டோ எடுத்தாங்க, 67 நிமிஷத்துல பஸ் ஹார்ன் அடிச்சுது. ஆன்ட்டி என்னைத் தனியா கூப்பிட்டு, 20 பேர் ஒரு நாள் வர்றதுக்கு ஒரு ஆள் 20 செவ்வாய்க்கிழமை வந்தா போதும்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க. சேல்ஸ்ஃபோர்ஸ்ல எல்லாம் சேவைக்குன்னு வருஷத்துக்கு 7 நாள் சம்பளத்தோட லீவு, எங்களுக்கு 2 நாள், ஆனா அதை மணிக்கணக்கா உடைச்சு எடுக்கலாம்னு ஹெச்ஆர்ல கேட்டப்பதான் தெரிஞ்சுது. யாரும் கேட்டதில்லையாம்! இப்ப செவ்வாய்க்கிழமை காலையில நாங்க நாலு பேர் முறை வச்சுப் போறோம்.

2024ல 18ஏ லெட்டர் வந்துச்சு. வந்தும் முதல் ரசீது திரும்பி வந்துடுச்சு, ஏன்னா ஆன்ட்டி ஸ்டேஷனரி கடை ரசீது புக்குல எழுதிட்டாங்க. 2023 மார்ச் 1லேர்ந்து கொடுத்தவரோட வரி நம்பர் (இருந்தா), அடையாள நம்பர் எல்லாம் ரசீதுல இருக்கணும், 18ஏக்காகக் கொடுத்த ரசீதுன்னும் பணம் எதுக்கு மட்டும் செலவாகும்னும் வார்த்தையாவே போடணும். பேத்தி கம்ப்யூட்டர்ல மாதிரி ரசீது ஒண்ணு செஞ்சு வச்சிருக்கா, இப்ப அதுல பேரை மாத்தினா போதும்.

நான் போடற பணம் மாசா மாசம் போயிடுது, கம்பெனி பங்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா. முதல் மூணு மாசத்துல ரெண்டும் சேர்ந்து வந்த பணத்துல 48 கிலோ கேஸ் சிலிண்டர் ஒண்ணு வாங்கினாங்க, மிச்சத்துக்கு ஒரு டஜன் கத்தி. ஜூலையில உங்க ஆஃபீஸ் ஆளுங்க வருவாங்கல்லன்னு சொல்லிட்டு என் கையில ஒண்ணைக் கொடுத்து வெங்காய மூட்டையைக் காட்டினாங்க.